பின்புனல் கைப்பிடியில் ஒரு துணி

1

முதலில், அறையில் இருந்தவர்கள். கடிதமோ கதையோ, யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் ஐயா சொல்வார். மீதிப் பாதியைச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. நானும் இத்தனை காலம் அந்தப் பாதியை வைத்தே பிழைப்பை ஓட்டிவிட்டேன்.

சன்னலோரம், சுழல்வதை என்றோ நிறுத்திவிட்ட சுழல்நாற்காலியில் முதலாளியம்மா. எதிரே நீளப் பெஞ்சு. அதன் ஒரு கோடியில் ட்ரெய்லர் ஓட்டுநர். மறு கோடியில் அவருடைய மச்சான். அவனும் அதே ட்ரெய்லரின் ஓட்டுநர்தான், முறை வைத்து ஓட்டுகிறார்கள். நடுவில் இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். யாரும் உட்காரவில்லை. வாசலை ஒட்டி, மடித்துப் போட்ட தார்ப்பாயின்மேல், முன்னவருக்கு மனைவியும் பின்னவனுக்கு அக்காவுமான தையல்காரி. மடியில் சாப்பாட்டுக் கேரியர். மூலையில், லெட்டர்பேடும் பேனாவுமாக நான். லாரி யார்டில் கடிதப் போக்குவரத்து என் பொறுப்பு.

மேசைமேல், கிரீஸ் அப்பிச் சுருண்டு, ஒரு துணி.

இந்தக் கதை ஒரு பதில் கடிதமாகப் பிறந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. மாவு மில்லின் மேலாளர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். அதற்கு ஒரே வரியில் பதில் எழுத வேண்டும். எழுதினேன், கிழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி கிழித்தேன். கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதப்பட்டதுதான் நீங்கள் படிப்பது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"மழை பெய்து ஓய்ந்த அந்தக் காலைப் பொழுதில், சக்கரங்கள்—"

மழை பெய்யவில்லை. ஈரம் பட்டால் கோதுமை ஏற்ற மாட்டார்கள். விட்டுவிடலாம்.

இரண்டாம் முயற்சி:

"மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். நடந்த சம்பவத்துக்கு நாங்கள் ஆழ்ந்த—"

ஆழ்ந்த என்று போட்டால் அடுத்து வருத்தம் என்றுதான் வரும். வருத்தம் என்று எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்கிறார் முதலாளியம்மா. வருத்தப்படாமல் இருக்கவும் முடியவில்லை. அவர் கண்ணைச் சுற்றிக் கறுத்துக் கிடக்கிறது.

மூன்றாம் முயற்சி, வண்டியிலிருந்து. இதுதான் சரி. வண்டியைத் தெரிந்துகொள்ளாதவருக்கு இந்தக் குடும்பத்தைப் புரியவைக்க முடியாது.

ஹாப்பர் ட்ரெய்லர் என்பது சக்கரம் வைத்த இரண்டு பெரிய புனல்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கோதுமை, சோளம், உப்பு, எதுவானாலும் மூட்டை கட்டாமல் மேலேயிருந்து கொட்டி, தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு போவார்கள். போன இடத்தில், புனலின் அடிவாய்க்குக் கீழே தரையில் குழி இருக்கும். பக்கத்திலிருக்கும் இரும்புக் கைப்பிடியைச் சுற்றினால் அடிக்கதவு நகரும். சரக்கு தானாகக் கொட்டிவிடும். சுமக்க ஆள் வேண்டாம். பூமி இழுக்கிற வேலைக்கு யாருக்கும் கூலி கொடுக்க வேண்டியதில்லை என்று முதலாளியம்மாவின் கணவர், இருந்தவரை, சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

காலியானதும் கதவை மூடிக் கொண்டி மாட்ட வேண்டும். கொண்டி என்பது ஒரு சாணிலும் சின்ன இரும்புத்துண்டு. அது இல்லாமலும் கதவு மூடியிருக்கும். மூடியிருப்பதுபோல் நடிக்கும் என்று சொன்னால் இன்னும் சரி. சாலையில் வண்டி குலுங்கக் குலுங்கக் கைப்பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தானே சுற்றிக்கொள்ளும். கதவு ஒரு விரல், இரண்டு விரல் என்று விலகும்.

அதனால் எங்கள் யார்டில் ஒரு வழக்கம். கொண்டி மாட்டியவர், கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டிவிட்டுத்தான் வண்டியை அடுத்தவரிடம் விடுவார். எந்தத் துணியானாலும் சரி. கையில் அகப்பட்ட கந்தல். துணி இருந்தால் கொண்டி இருக்கிறது.

(இங்கே ஓர் அடிக்குறிப்பு வேண்டும். அடியில் போட்டால் யாரும் படிக்க மாட்டீர்கள் என்பதால் இங்கேயே. துணி இருக்கும்போது குனிந்து கொண்டியைப் பார்ப்பது எங்கள் யார்டில் பெரிய அவமரியாதை. உன் சொல்லை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். ஒருமுறை பெரிய ஓட்டுநர், அதாவது இந்த மச்சானின் மாமா, தெரியாத்தனமாகக் குனிந்து பார்த்துவிட்டார். மச்சான் பேச்சையே நிறுத்திவிட்டான். அக்கா வீட்டுக்கு வந்தால் அக்காவிடம் மட்டும் பேசுவான். "மாமாகிட்ட உப்பை நகர்த்தச் சொல்லு" என்று, உப்பு அவர் கைக்குப் பக்கத்திலிருக்கும்போதே சொல்வான். அதற்குப் பிறகு மாமா குனிவதில்லை.)

3

நடந்தது இது. இதில் கற்பனை இல்லை. கற்பனை வரும்போது சொல்கிறேன்.

மச்சான் சாயங்காலம் சரக்கு இறக்கிவிட்டு வண்டியை யார்டில் விட்டான். மறுநாள் காலை மாமா எடுத்தார். கிடங்கில் கோதுமை ஏற்றினார். மில் வாசலுக்குப் போய் எடைமேடையில் ஏறும்போது காவலர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். பின்புனலின் கீழே இரண்டு விரல் இடைவெளி. சாலை நெடுகக் கோதுமை, கோலம் போடத் தெரியாதவள் இழுத்த கோடுபோல் கோணிக்கொண்டு வந்திருந்தது. கோட்டின்மேல் புறாக்கள் வரிசையில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தன. ஓடிவந்த காவலர் சிந்திய கோதுமையில் கால் வைத்தார். வழுக்கினார். கை ஒடிந்தது.

"கொண்டி மாட்டலையா?" என்று கேட்டார் மேலாளர்.

"துணி கட்டியிருந்துச்சு சார்."

"கட்டினது யாரு?"

அந்தக் கேள்விதான் கடிதமாக வந்திருந்தது. துணி கட்டியவர் யார்? அவர் பெயரை எழுத்தில் தர வேண்டும்; அந்த நபர் இனி மில் வாசலைத் தாண்டக் கூடாது. வாசலில் 'அனுமதி இல்லாதவர்கள்' என்று ஒரு பலகை இருக்கிறது, அதில் பெயர் ஏறும். பெயர் வந்து சேரும்வரை எங்கள் யார்டின் எந்த வண்டிக்கும் உள்ளே வேலையில்லை.

மில்தான் எங்களுக்குப் பக்கத்துச் சவாரி. காலையில் போனால் மாலையில் வீடு. மில்லுக்குள் போக முடியாத ஓட்டுநருக்கு மிஞ்சுவது சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் தூரச் சவாரி. போனால் வாரக்கணக்கில் திரும்ப முடியாது.

ஆக, எனக்கு வேண்டியது ஒரு பெயர். கதையில் நான் யாருக்கும் பெயர் வைக்காததன் காரணம் இப்போது உங்களுக்குப் புரியும். பெயரைக் கண்டாலே கை கூசுகிறது. யார்டில் இந்த இருவரையும் ஹாரன், பிரேக் என்றுதான் கூப்பிடுவார்கள். மச்சான் ஹாரன், மாமா பிரேக். ஏன் என்று பேச ஆரம்பித்ததும் தெரிந்துவிடும்.

4

"மாமா, என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க. நானா கட்டினேன்?"

பிரேக் மேசையைப் பார்த்தார். "துணி இருந்துச்சு மச்சான்."

"இருந்துச்சு, இருந்துச்சுன்னா? மண்ணுல விதை போட்டு முளைச்சுதா? கொண்டி வளைஞ்சு போச்சுன்னு நிமிர்த்தறதுக்குப் பட்டறையில கொடுத்திருந்தேன். இப்பவும் அங்கதான் கிடக்கு. கொண்டியே இல்லாம நான் ஏன் துணி கட்டப்போறேன்? கட்டாம விட்டா நீங்க பார்த்துப்பீங்கன்னுதானே விட்டேன்!"

"ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?" என்றார் முதலாளியம்மா.

"துணி இல்லேன்னா கொண்டி இல்லேன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதுக்கு ஒரு போனாம்மா?"

"கைப்பழக்கத்துல கட்டியிருப்பே. யோசிச்சுப் பாரு."

"கைப்பழக்கத்துல நான் பீடிகூடப் பத்த வைக்கறதில்லேம்மா."

"மெதுவாப் பேசுப்பா. தலை விண்ணு விண்ணுங்குது. கட்டினது நீ இல்லே, அவரும் இல்லே. அப்புறம் நான் வந்து கட்டினேனா?"

ஹாரன் கையை விரித்தான். குரலும் கொஞ்சம் உடைந்தது. "பொய்யன்னு பேர் வாங்கிட்டு நான் எங்கேயும் போறதுக்கு இல்லே. என் சொந்த மாமாவே நம்பலேன்னா மத்தவன் எப்படி நம்புவான்?"

(கடிதத்தில் ஆச்சரியக்குறி போடக் கூடாது என்பார் தமிழ் ஐயா. ஹாரன் பேச்சை எழுதும்போது அவர் என்னை மன்னிக்க வேண்டும்.)

வாசலோரம் உட்கார்ந்திருந்த தையல்காரி, "சோறு ஆறுது. சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்களேன்" என்றாள். யாரும் திரும்பவில்லை. அவள் நேற்றும் இப்படித்தான் கேரியரைத் திறக்காமலே திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

5

இங்கே கற்பனை வருகிறது. பிரேக்கின் மனசுக்குள் போக வேண்டியிருக்கிறது. அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. பின்னால் டீக்கடையில் ஒரு கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது நாலு வாக்கியம். மிச்சத்தை நான் நிரவியிருக்கிறேன்.

மில் வாசலில் காவலரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிய பிறகு, பிரேக் பின்புனலுக்கு வந்தார். சிந்தியது சிந்தட்டும், மிச்சத்தையாவது நிறுத்த வேண்டும். கைப்பிடியில் இருந்த துணியை அவிழ்க்க ஒரு முனையைப் பிடித்தார். ஹாரன் கட்டும் முடிச்சு அவருக்குத் தெரியும். குறடு போட்டுத்தான் பிரிக்க வேண்டும், பிரிப்பதற்குள் மூன்று தலைமுறையைத் திட்டித் தீர்த்துவிடலாம்.

ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

துணி கையில். அவர் அப்படியே நின்றார். இரண்டு காது வைத்த பூ முடிச்சு. அதை அவர் தினமும் அவிழ்க்கிறார். காலையில் மகளுக்குச் சடை பின்னி ரிப்பன் கட்டுவது அம்மாவின் வேலை; சாயங்காலம் அவிழ்த்துச் சிக்கெடுப்பது அப்பாவின் வேலை. அந்த வீட்டின் ஏற்பாடு அது. முனையைப் பிடித்து இழுத்தால் "ஆ" என்று வலிக்காமலே கத்துவாள் மகள்.

அன்று காலை அவர் கேரியரை மறந்துவிட்டு வந்திருந்தார். டயருக்குக் காற்றுப் பிடித்துவிட்டு வந்தபோது கேரியர் வண்டி முன்னறையில் இருந்தது. அவள் வந்து வைத்துவிட்டுத் தையல்கடைக்குப் போயிருக்கிறாள் என்று மட்டும் நினைத்தார். போகிற போக்கில் அவள் கைப்பிடியைப் பார்த்திருக்கிறாள். போன வாரம் அந்த இரும்பின் பிசிறு கிழித்து அவர் உள்ளங்கை புண்ணாகியிருந்தது. மற்ற கைப்பிடிகளிலெல்லாம் துணி இருக்கிறது, இந்தப் பின்புனலில் மட்டும் இல்லை. கை குத்தாமலிருக்கத்தான் துணி சுற்றுகிறார்கள்போல என்று நினைத்து அவளும் ஒன்றைக் கட்டியிருக்கிறாள்.

அவளுக்கு யாரும் சொன்னதில்லை. வீட்டில் வண்டிப் பேச்சு பேசுவதில்லை என்பது அவர் வைத்த சட்டம்.

(இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். பிரேக் நல்லவர்தானா? தெரிந்த பிறகும் அன்று முழுவதும், அடுத்த நாளும், மச்சான் பொய்யனாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாரே. "மச்சானைக் காட்டிக்கொடுக்க நினைக்கலைங்க. வாயைத் திறந்தா அவ பேருதான் வரும்போல இருந்துச்சு. அதான் திறக்கலை" என்றார் டீக்கடையில். நான் இதை நம்புகிறேன். நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை.)

அவர் போட்ட கணக்கு, என் ஊகத்தில்: மச்சான் பெயர் போனால் மச்சான் உறவே போய்விடும். அவள் பெயரைச் சொன்னால், காவலர் கை ஒடிந்தது தன்னால் என்று அவள் தினமும் ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் நினைப்பாள். மிச்சம் இருப்பது ஒரு பெயர். தூரச் சவாரி. சாயங்கால ரிப்பனை வேறு யாராவது அவிழ்த்துக்கொள்ளட்டும்.

6

"நான்தான் கட்டினேன்" என்றார் பிரேக்.

முதலாளியம்மா பெருமூச்சு விட்டார். எந்தப் பதிலானாலும் சரி, ஒரு பதில் வந்ததே என்ற பெருமூச்சு. "எழுதிக்கோங்க" என்றார் என்னிடம்.

நான் பேனா மூடியைக் கழற்றினேன்.

ஹாரனுக்குத்தான் சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. "ஏன் மாமா பொய் சொல்றீங்க?" என்றான், முதல்முறையாகச் சத்தமில்லாமல். "நீங்க கட்டியிருந்தா கொண்டியைத் தேடியிருப்பீங்க. தேடியிருந்தா எனக்குப் போன் வந்திருக்கும். நீங்க துணியைப் பார்த்திருக்கீங்க. நான் கோவிச்சுக்குவேன்னு குனியாம வண்டியை எடுத்திருக்கீங்க. அவ்வளவுதான் நடந்திருக்கு."

"நான் கட்டினேன்னு சொல்றேன்ல. விடு."

"எதை விடறது? யாரைக் காப்பாத்தறீங்க?"

வண்டிச் சண்டை நமக்கெதற்கு என்று அதுவரை காதில் வாங்காமலிருந்த தையல்காரி அப்போதுதான் எழுந்தாள். தண்ணீர்ச் செம்போடு மேசைக்கு வந்தாள். செம்பை வைக்க இடம் இல்லாமல் துணியை நகர்த்தினாள். நகர்த்திய கை நின்றது. துணியின் ஓரத்தை விரலால் தடவினாள். தையல்காரிக்குத் தன் ஓரத்தையல் தெரியாதா.

(இந்த இடத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் பேசாமல் போய் உட்கார்ந்துவிடுகிறாள். இன்னொன்றில் செம்பு கைநழுவி விழுகிறது. சினிமா மாதிரி இருந்ததால் அடித்துவிட்டேன். நடந்தது மூன்றாவது.)

"இது நான் கட்டினதுல்ல?" என்றாள். "இதுக்கா ரெண்டு நாளா ரெண்டு பேரும் சாப்பிடாம இருக்கீங்க?"

பிரேக், "நீ சும்மா இரு" என்றார். சட்டென்று வந்த அந்தக் குரலிலேயே எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

"கை புண்ணாச்சேன்னு கட்டினேன். கட்டக் கூடாதா?"

ஹாரன்தான் சொன்னான், துணி என்றால் என்ன அர்த்தம், கொண்டி என்றால் என்ன என்று. அக்காவுக்குச் சொல்வதுபோல் சொல்லவில்லை. புது ஓட்டுநருக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னான். கேட்கக் கேட்க அவள் முகம் வெளுத்தது. "அப்ப அந்தக் காவலர்…" என்றாள். பிறகு, "யாராச்சும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். கணவனைப் பார்த்துத்தான் சொன்னாள். பிரேக் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புண் அநேகமாக ஆறியிருந்தது.

முதலாளியம்மா நெற்றியைத் தேய்த்தார். "இப்ப மில்லுக்கு என்னன்னு எழுதறது? புருஷன் கைக்கு வலிக்கக் கூடாதுன்னு பொண்டாட்டி கட்டினாள்னா எழுத முடியும்? அவர் கேக்கறது ஒரு பேரு."

"என் பேரை எழுதுங்க" என்றாள் தையல்காரி.

"அக்கா!"

"என்னடா அக்கா? கேட்டதுக்குத்தானே பதில்? கட்டினது யாருன்னு கேட்டாங்க. கட்டினது நான். நான் மில்லுக்குள்ள போகக் கூடாதா? போகலை. இத்தனை வருஷமா அந்த வாசல் எந்தப் பக்கம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. இனிமேயும் தெரிய வேண்டாம்." கொஞ்சம் நிறுத்தி, "காவலர் வீடு எங்கேன்னு மட்டும் சொல்லுங்க. அங்க நான் போகணும்" என்றாள்.

எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. களைத்துப்போனவனுக்கு வரும் சிரிப்பு. எழுதி எழுதிக் கிழித்ததற்கெல்லாம் பதில் கேரியரோடு வாசலில் உட்கார்ந்திருந்திருக்கிறது.

7

எழுத ஆரம்பித்தேன். உள்ளது உள்ளபடி. கொண்டி பட்டறையில் இருந்தது, துணி எதற்கென்று அறியாத ஒருவர் கட்டினார், இனி கொண்டியைக் கண்ணால் பார்க்காமல் எங்கள் வண்டி கிளம்பாது. பெயர் வரவேண்டிய இடத்துக்கு வந்தேன்.

"இருங்க" என்றார் பிரேக்.

தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஒவ்வொரு சவாரியிலும் எடைமேடையில் நிற்கும்போது எதிரே அந்தப் பலகை. அதில் மனைவியின் பெயர். வரிசையில் நிற்கும் மற்ற ஓட்டுநர்களும் படிப்பார்கள். அவர்கள் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி.

"முன்னாடி இனிஷியல் போடுங்க" என்றார். "என்னோட எழுத்து. மொட்டையா விடாதீங்க."

போட்டேன்.

இதற்குப் பிறகு என்ன ஆகும் என்று எழுதக் கதைக்காரனுக்கு உரிமை உண்டாம். முயன்று பார்த்தேன். (அ) மேலாளர் படித்துவிட்டுச் சிரிக்கிறார், மன்னிக்கிறார். மேலாளர்கள் சிரித்து நான் பார்த்ததில்லை. (ஆ) கேலி செய்கிறீர்களா என்று கடிதம் திரும்பி வருகிறது. பிரேக் தூரச் சவாரிக்குப் போகிறார். இதை எழுதக் கை வரவில்லை. (இ) நேரில் விசாரிக்க வேண்டுமென்று தையல்காரியை மில்லுக்கு வரச் சொல்கிறார்கள், அவள் போகிறாள், கையில் கட்டோடு காவலர் பலகையைப் பார்த்துவிட்டு, "உங்களை உள்ளே விட முடியாதும்மா" என்கிறார்.

மூன்றையும் உங்களிடம் விடுகிறேன். எனக்கு வேறொன்று பார்க்கக் கிடைத்தது. சன்னல் வழியாக ட்ரெய்லர் தெரிந்தது. ஹாரன் பட்டறையிலிருந்து கொண்டியை வாங்கி வந்து, குனிந்து, மாட்டினான். எழுந்து, கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கந்தலை எடுத்துக் கைப்பிடியில் இறுக்கிக் கட்டினான். பக்கத்தில் பிரேக் நின்றுகொண்டிருந்தார். கொண்டியைக் கண்ணால் பார்க்காமல் வண்டி கிளம்பாது என்று இப்போதுதான் எழுதியிருக்கிறேன். மச்சான் துணியைக் கட்டிவிட்டு மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றான். மாமா இடுப்பில் கை வைத்தார்.

குனிந்தாரா என்று கேட்காதீர்கள். அதற்குள் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

கடிதத்தை மூன்றாக மடித்தேன். உறையில் போட்டேன். பசை அதிகமாகிப் பக்கவாட்டில் வழிந்தது. தையல்காரி மேசைமேல் கிடந்த துணியை எடுத்து, கிரீஸ் படாத ஓரமாகப் பார்த்து மடித்து, உறையை ஒற்றித் துடைத்தாள். பிறகு அதைக் கேரியர் கைப்பிடியில் சுற்றிக்கொண்டு காவலர் வீட்டுக்கு வழி கேட்டபடி இறங்கிப் போனாள். கூரியர்காரர் வாசலில் வண்டியை அணைக்காமலே கையை நீட்டினார். பசை காயாத உறையைக் கொடுத்தேன்.